அடுப்புக்கு மேலே ஓர் அடுப்பு

அம்மாவின் இடது முன்கையில் இருந்த தழும்பை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தார். மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு கறுப்புத் திட்டு. "இது என்னம்மா?" என்று கேட்டேன். "எப்பவோ பட்டது, விடுப்பா" என்றார். எப்பவோ என்றால் எப்போது என்று கேட்டதற்குத் தோசையைத் திருப்பினாரே தவிர பதில் சொல்லவில்லை.

மாலையில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மெல்லக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு, நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்ட ஒரு நண்பகலில், முதல் நாள் சாம்பாரைச் சூடாக்கியிருக்கிறார். எங்கள் மைக்ரோவேவ் இருந்த இடம் பிரிட்ஜின் தலை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் அது அங்கேதான் இருக்கிறது. மேசையில் இடமில்லை, பிரிட்ஜின் மேல் சும்மா கிடக்கிறது, பக்கத்திலேயே பிளக். யோசிக்காமல் வைத்துவிடுகிறோம். எங்கள் பிரிட்ஜின் உயரம் 150 சென்டிமீட்டர். அம்மாவின் உயரம் 148. பிளாஸ்டிக் முக்காலியில் ஏறிக் கிண்ணத்தை இழுத்திருக்கிறார். கிண்ணம் சரிந்துவிட்டது.

காயத்தில் பற்பசையைத் தடவிக்கொண்டாராம். (சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பற்பசை கூடாது. இதை நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது.) அதைவிட எனக்கு வலித்தது அடுத்து அவர் சொன்னது. அன்றிலிருந்து அவர் மைக்ரோவேவைத் தொடவில்லை. பகலில் காலைச் சோற்றை ஆறிப்போனபடியே சாப்பிட்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றோம். "சொன்னா, இனிமே அடுப்பங்கரைப் பக்கம் வராதேன்னு சொல்லிடுவீங்க."

சொல்லியிருப்போம். உண்மை அதுதான். டிபன் கட்டி அனுப்பும் ஓர் அக்காவின் எண்ணை மனைவி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

எங்கள் வீடு ஜெலுத்தோங் பக்கம், 12-ஆவது மாடியில். சமையலறையின் நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் சிங்க், அடுப்பு, கிரைண்டர், ரைஸ் குக்கர். எதிர்ப்பக்கம் பிரிட்ஜும் அம்மாவின் கண்ணாடி அலமாரியும். மைக்ரோவேவைக் கீழே இறக்க வேண்டும், ஆனால் இறக்க இடமில்லை. இந்தக் கணக்கோடு நாங்கள் தவித்தபோதுதான் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் என் அக்கா தன் சமையலறையின் படத்தை அனுப்பினார்.

படத்தைப் பார்த்ததும் மனைவிக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. அடுப்புக்கு நேர் மேலே, புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மைக்ரோவேவ். அதன் அடிவயிற்றில் விளக்கும் விசிறியும். கீழே சமைக்கும்போது எழும் புகையை அதுவே இழுத்துக்கொள்ளும். உள்ளே கன்வெக்‌ஷன் வசதியும் உண்டு, கேக் சுடலாம். மேசையில் ஓர் அங்குலமும் போகாது. அமெரிக்காவில் இது மிகச் சாதாரணம். 30 அங்குல அகல அடுப்பு, அதற்கு மேல் அதே அகலத்தில் இந்தப் பெட்டி.

"ஹூட், மைக்ரோவேவ், அவன், மூணும் ஒண்ணுலே முடிஞ்சிடும்" என்றார் மனைவி. எனக்கும் ஆசைதான். அக்கா வேறு வீட்டைப் புதுப்பிக்கிறார். "பழசு நல்லாத்தான் இருக்கு, கப்பல் சாமான்களோட அனுப்பட்டுமா?" என்று கேட்டார். டத்தோ கிராமாட் சாலை தொடங்கி பாயான் பாரு வரை நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்த வகை கண்ணில் படவில்லை. ஹூட் தனி, மைக்ரோவேவ் தனி என்றுதான் இருந்தன. ஆகவே அக்காவின் பேச்சு தேனாக இனித்தது.

அதைத் தடுத்தவர் எங்கள் வயர்மேன். சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வச்சுக்கலாமே அங்கிள்?" என்றேன். சிரித்தார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் இறக்கும். 60-ஐ 50 ஆக்கவோ 50-ஐ 60 ஆக்கவோ அதனால் முடியாது. 60-க்கென்று செய்த பழைய வகை மைக்ரோவேவுக்குள் இருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் ஓடினால் அளவுக்கு மீறிச் சூடேறும். அதைக் குளிர்விக்கும் விசிறியோ மெதுவாகச் சுற்றும். "கடியாரம் லேட்டா ஓடும், அது பரவாயில்லே தம்பி. பெட்டி எரிஞ்சா யாரைக் கேப்பே?" என்றார். சிரிம் முத்திரையும் இருக்காது, இங்கே உத்தரவாதமும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து மின்சாதனம் அனுப்ப முன்வரும் உறவினர்கள் எல்லோருக்கும் உண்டு. அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, 230 வோல்ட்டில் ஓடுவதாக ஒன்றைத் தேடித் தருவித்தால்? மனைவி அதை விடுவதாக இல்லை. நானும் இணையத்தில் கிடைத்த பொருத்தும் கையேடுகளைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோதுதான் ஓர் எண் கண்ணை உறுத்தியது. அந்த ஊர் அமைப்பில் அடுப்புக்கும் பெட்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 13 முதல் 16 அங்குலம். அதாவது 33 முதல் 40 சென்டிமீட்டர்.

நம் அடுப்பை நினைத்துப் பாருங்கள். இங்கே விற்கும் அடுப்புகளில் ஒரு கண்ணே 4 கிலோவாட்டுக்கு மேல் எரிகிறது. அதன்மேல் குவாலி, குவாலிக்கு மேல் கரண்டி பிடித்த கை. முறுக்கு பிழியும்போது முகத்தை எங்கே வைப்பது? பெலாச்சான் தாளித்தால் எழும் ஆவியும் எண்ணெயும் நேராகப் பெட்டியின் அடிவயிற்றுக்குத்தான் போகும். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் கீழே சூடு அதிகமானால் விசிறி தானாகவே ஓட ஆரம்பிக்கும் என்று கையேடு பெருமையாகச் சொல்கிறது. அது நமக்குக் காற்று தருவதற்காக அல்ல, தன்னுடைய மின்னணுப் பாகங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. அடுப்பின் சூட்டுக்கு அஞ்சுகிற ஒரு பொருளை அடுப்புக்கு மேலேயே தொங்கவிடுவதில் எனக்கு அன்றே பாதி மனம் போய்விட்டது.

இழுக்கும் திறனும் அப்படித்தான். அவற்றில் பலவற்றின் விசிறி நிமிடத்துக்கு 300 கன அடிக் காற்றை இழுக்கும். மணிக்கு 510 கன மீட்டர் என்று வரும். இங்கே கடைகளில் சாதாரணமாகத் தொங்கும் ஹூட்களின் அட்டையில் 1,000-க்கு மேல்தான் போட்டிருக்கிறது. அதோடு, வெளியே போகும் குழாய் வைக்காவிட்டால் அந்தப் பெட்டி புகையைக் கரி வடிகட்டியில் சலித்து முன்பக்கமாகத் திரும்பவும் நம் முகத்திலேயே விடும். மணம் கொஞ்சம் குறையும். சூடும் ஈரமும் அப்படியே இருக்கும். பினாங்கின் புழுக்கத்தில் அது யாருக்கு வேண்டும்? ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று விட்டிருப்பார்கள், சமையல் பின்கட்டில் நடக்கும். குயின் தெருப் பக்கம் சிறுவயதில் நான் போய்வந்த ஒரு வீட்டில் தாளிக்கும் புகை அந்த முற்றத்தின் வழியே மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடியில் நமக்கு அந்த வசதி இல்லை. பின்பக்க யார்டின் சன்னல் ஒன்றுதான் வழி.

இந்தக் கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்தப் பெட்டியின் எடை 25 கிலோவைத் தொடும். அமெரிக்க வீட்டுச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் ஒரு தகட்டை முடுக்கி, மேலே இருக்கும் அலமாரி வழியாகவும் போல்ட் இறக்கித் தொங்கவிடுவார்கள். பழைய செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் அந்தக் கனத்தை நம்பிப் பிடிக்கிற சுவர் அல்ல. நம் அலமாரிகள் பலவும் அழுத்திய மரத்தூள் பலகை. அதன் தலையெழுத்து உங்களுக்கே தெரியும்.

"குவாலி இடிச்சா, கொஞ்சம் மேலே தூக்கி மாட்டலாமே" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. இங்கே ஹூட் மாட்டுபவர்கள் அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் விடுகிறார்கள். நான் டேப்பை எடுத்தேன். எங்கள் அடுப்பு மேசை 85 சென்டிமீட்டர். குறைந்தபட்சம் 65 விட்டால், 150.

பிரிட்ஜின் உயரம். அதே 150.

இதைச் சொன்னபோது மனைவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கில் சொன்னால் யாருக்கும் உறைக்காது, நியாயம்தான். அதனால் காலணிப் பெட்டிகள் இரண்டையும் ஒரு ரைஸ் குக்கர் அட்டைப் பெட்டியையும் ஒட்டி, அடுப்புக்கு மேலே சுவரில் அந்த உயரத்தில் டேப் போட்டுத் தொங்கவிட்டோம். அடுப்பை அணைத்து, ஒரு காலிக் குவாலியை வைத்தோம். உள்ளே ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர். "அம்மா, எடுத்துப் பாருங்க."

அம்மா விளையாட்டாகத்தான் வந்தார். குதிகாலைத் தூக்கினார். எட்டவில்லை. இன்னும் நெருங்கி நின்றார். அப்போது அவருடைய வயிறு அடுப்பு விளிம்பைத் தொட்டது, சேலைத் தலைப்பு முன்கண்ணின்மேல் கிடந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிக் கிண்ணத்தை இழுத்தார். உள்ளே என்ன இருக்கிறது, விளிம்பு வரை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவே இல்லை. பாதித் தண்ணீர் குவாலியில், மீதி அவர் கழுத்தில். அம்மா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அட்டைப் பெட்டியை அவரே கழற்றினார்.

மைக்ரோவேவ் பிறந்த கதையே உயரத்தின் கதைதான். அமெரிக்காவில் ரேத்தியன் நிறுவனத்தில் ரேடாருக்கான மேக்னட்ரான் குழாய்களோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், 1945-இல் தன் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கண்டார் என்பார்கள். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம், 340 கிலோ எடை, தரையில் நின்றது. 1967-இல்தான் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்து வீட்டுக்குள் வந்தது. பிறகு மேசையும் போதாமல் சுவர் ஏறியது. ஏறும்போது கீழே நிற்கிறவரின் உயரத்தை யாரும் அவ்வளவாகக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்டிலேயே ஒரு நல்ல விதியும் இருக்கிறது. தேசிய சமையலறை, குளியலறைச் சங்கம் என்ற அமைப்பு சொல்வது இது: வீட்டில் முக்கியமாகப் புழங்குகிறவரின் தோளுக்கு 3 அங்குலம் கீழே மைக்ரோவேவின் அடிப்பாகம் இருந்தால் நல்லது. எப்படியும் தரையிலிருந்து 54 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்திலேயே சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க 15 அங்குல இடம் வேண்டும்.

அம்மாவின் தோள் 121 சென்டிமீட்டர். மூன்று அங்குலம் கழித்தால் 113. நாங்கள் இன்னும் கொஞ்சம் இறக்கி 105 என்று முடிவு செய்தோம். கிண்ணத்தை மேலிருந்து பார்க்க முடிய வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

இடம்? கண்ணாடி அலமாரி போனால்தான் இடம். அது ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அப்பாவும் அம்மாவும் குடித்தனம் தொடங்கிய காலத்து அலமாரி. எங்கள் வீட்டில் எவர்சில்வர் ஒரு சொத்து. அதைத் தொடுவதற்கு நானோ மனைவியோ வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்தால், அம்மா பாத்திரங்களைத் தரையில் பரப்பி இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்று வைத்துக்கொள்வது, ஒன்று தங்கச்சி மகளுக்கு. "பெரிய அண்டாவெல்லாம் எனக்கு இனி எதுக்கு?" என்றார். அப்பா பெயர் பொறித்த தாம்பாளம் மட்டும் இரண்டு கூட்டத்திலும் இல்லை. அது சாமி அறைக்குப் போய்விட்டது.

பெட்டியைத் தேர்ந்தெடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்வெக்‌ஷன் வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண மைக்ரோவேவ் உணவிலுள்ள ஈரத்தைச் சூடாக்கும், ஆனால் மேல்தோல் சிவக்காது. கன்வெக்‌ஷனில் பின்பக்கம் ஒரு சூட்டுக் கம்பியும் விசிறியும் இருக்கும். சூடான காற்று சுழன்று கேக்கையும் கோழியையும் சிவக்க வைக்கும். சோறு சூடாக்க மட்டும் என்றால் அந்தக் கூடுதல் காசு வேண்டாம். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு பிஸ்கட் சுடுவது உண்டு, அதனால் எடுத்தோம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே சுழல்வது வட்டத் தட்டு. உங்களிடம் இருக்கும் நீளத் தட்டு அதில் சுழலாது, இடிக்கும். ஓர் ஈட்டுக்கு இருபது பிஸ்கட்தான். பத்து டப்பா பலகாரம் செய்கிறவர்களுக்குத் தனி அவன்தான் சரி.

லிட்டர் கணக்கைவிடக் கதவு முக்கியம் என்பது என் அனுபவம். பெரும்பாலான கதவுகள் இடப்பக்கமாகத் திறக்கும். ஆகவே பாத்திரம் இறக்கும் மேசை வலப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான கிண்ணத்தோடு கதவைச் சுற்றி வர வேண்டும். கடையில் நான் கதவைத் திறந்து மூடியதையே பத்து நிமிடம் பார்த்த தவ்கே, "பாஸ், நீங்க கதவு மட்டும் வாங்குறீங்களா?" என்று மலாயில் கேட்டார். சிரிம் முத்திரையும், மின்சாரச் சிக்கனம் காட்டும் நட்சத்திரச் சீட்டும் பார்த்து, 28 லிட்டரில் ஒன்றை எடுத்தோம். 900 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.

பிளக் விஷயத்தில் வயர்மேன் கறாராக இருந்தார். நம் சுவரில் இருக்கும் மூன்று முள் பிளக் 13 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 2,990 வாட். கன்வெக்‌ஷன் ஓடும்போது இந்தப் பெட்டி ஒன்றே 2,000 வாட்டைத் தாண்டும். அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் 4,000. வயர் சூடேறுவது கண்ணுக்குத் தெரியாது. டி.பி. பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்துத் தனி பிளக் வைத்தார். அதையும் மைக்ரோவேவுக்குப் பின்னால் வைக்க விடவில்லை. "நாளைக்குப் புகை வந்தா, பெட்டியைத் தூக்கிட்டா சுவிட்சை அணைப்பே?" என்று கேட்டுப் பக்கத்தில், அம்மாவின் கைக்கு எட்டும்படி வைத்தார்.

பிறகு நான் செய்த தவறு. தச்சரிடம் பெட்டியின் நீள, அகல, உயரம் கொடுத்தேன். அவர் அதற்கு அச்சாக அலமாரி செய்தார், மேலே நான்கு சென்டிமீட்டர் இடைவெளியோடு. பார்க்க அழகுதான். முதல் கேக் வைத்த இருபதாவது நிமிடத்தில் பெட்டி தானாக அணைந்துவிட்டது. பலகையைத் தொட்டால் சுட்டது. கையேட்டைப் பிரித்தால், மேலே 20 சென்டிமீட்டர், பின்னால் 10, பக்கங்களில் 5, முன்னால் கதவு போட்டு மூடக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது. வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய பக்கம். சில பெட்டிகளை அலமாரிக்குள் வைக்கவே கூடாது என்றும் கையேட்டிலேயே இருக்கும். ஆகவே கடையிலேயே கையேட்டைக் கேட்டு, தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எங்கள் அலமாரியின் மேல்தட்டைக் கழற்றி, பின்பலகையையும் அறுத்து எடுக்க இன்னொரு 180 வெள்ளி போனது. கேக் பாதி வெந்த நிலையில் கிடந்தது. அதை எப்படியோ என் மகன் சாப்பிட்டுவிட்டான்.

மனைவிக்கு அடுப்புக்கு மேலே ஒரு சாதாரண ஹூட் வந்தது. அதன் குழாய் யார்டு வழியாக வெளியே போகிறது. தாளித்தால் இப்போது வரவேற்பறையில் யாரும் தும்முவதில்லை.

பெட்டியில் இருக்கும் பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலம். அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான், ஒருமுறை அழுத்தினால் 30 விநாடி ஓடுகிற பொத்தான். அதன்மேல் மனைவி தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். வலப்பக்க மேசையில் ஒரு மரப்பலகையும் இரண்டு கைத்துணியும் இருக்கின்றன.

போன வாரம் பகல் ஒரு மணிக்கு வேலையிடத்துக்கு அம்மாவிடமிருந்து போன். எனக்கு நெஞ்சு திக்கென்றது. "என்னம்மா?"

"ஒண்ணுமில்லே. இந்தப் பெட்டி முடிஞ்சதும் அஞ்சு தடவை கத்துது. கதவைத் திறந்த பிறகும் நிக்கலே. அந்தச் சத்தத்தைக் குறைக்க முடியுமா, கையேட்டுலே பாரு."